‘நோ’ என்று எழுதாத பலகை

வெள்ளைத் தாளை ஜெராக்ஸ் எடுக்க வந்த ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன்.

நான்காக மடித்த தாள். பிரித்தால் ஒரு புள்ளிகூட இல்லை. கொண்டுவந்தவர் கட்டம் போட்ட லுங்கி கட்டியிருந்தார். முழங்கையில் மீன் செதில் ஒன்று ஒட்டிக்கொண்டு மினுங்கியது.

“ரெண்டு காப்பி எடு.”

“அண்ணா, இதுல ஒண்ணுமே இல்லையே?”

“இருக்கட்டும், எடும்மா. டப்பு குடுக்கறேன் இல்ல?”

எடுத்தேன். மெஷின் வெள்ளையை வெள்ளையாகவே துப்பியது. அவர் போகவில்லை. எஸ்.டி.டி. பூத்துக்குள் ஒருவர் “ஹலோ, ஹலோ, கேக்குதா?” என்று கத்திக்கொண்டிருந்தார். அவர் பேசி முடித்து, சில்லறை வாங்கி, செருப்பு மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கும்வரை இவர் சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கவுண்டர்மேல் குனிந்தார்.

“ஒரு டவுட்டு கீது.”

அவர் பெயர் மாரி. மாமல்லபுரத்து மீனவர். மீன்பாடு இல்லாத நாட்களில் வெளிநாட்டுக்காரர்களைப் படகில் ஒரு சுற்று கூட்டிப் போவார்.

“போட்டு வேணுமான்னு கேக்கறேன். ‘நோ, தேங்க்ஸ்’ன்றாங்க. வேணாம்னா வேணாம்னு சொல்லிட்டுப் போ. தேங்க்ஸ் எதுக்கு? நான் இன்னா பண்ணேன்? தேங்க்ஸ்னா ஒத்துக்கினாங்கன்னுதானே? நேத்து ஒருத்தன் சொன்னான். துணி மாத்திகினு வருவான்னு ஒரு மணி நேரம் வெயில்ல நின்னேன். ஒரே பேஜாரு.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. “அண்ணா, நோ போட்டுக்கு. தேங்க்ஸ் உங்களுக்கு. கூப்பிட்டீங்க இல்ல, அதுக்கு” என்றேன்.

அவர் யோசித்தார். “ஓ! போட்டுக்கு ஒண்ணு, ஆளுக்கு ஒண்ணு.” முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு வெள்ளைக் காப்பிக்கும் காசு வைத்தார். வாசல்வரை போய்த் திரும்பினார். “யாராண்டயும் சொல்லிக்காத.”

அந்த நிமிஷம்தான் அது எனக்குள் விழுந்தது. ஒரே ஒரு கேள்வியைக் கேட்க இந்த மனிதர் வெள்ளைத் தாளுக்குக் காசு கொடுத்திருக்கிறார். அப்படியானால் இந்த ஊரில் எத்தனை பேர் சட்டைப் பையில் ஒரு சந்தேகத்தை மடித்து வைத்துக்கொண்டு திரிகிறார்கள்!

பிஸ்கட் டின்

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். தொண்ணூறுகளின் கடைசி. பி.ஏ. இங்கிலீஷ் முடித்துவிட்டு, செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக வரும் பஸ்ஸில் தினமும் தொற்றிக்கொண்டு நசீர் பாயின் ஜெராக்ஸ் கடைக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்தேன். அப்பா பேங்க் பரீட்சைக்குப் படி என்பார். நான் மடியில் கைடைத் திறந்து வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே இருக்கிற போர்டுகளை எல்லாம் படித்துக்கொண்டு வருவேன்.

மறுநாள் காலை நசீர் பாயிடம் ஒரு காலி பிஸ்கட் டின் கேட்டேன். அதன் மூடியில் உளியால் ஒரு கீறல் போட்டுக் கொடுத்தது பக்கத்துச் சிற்பக்கூடத்துக்காரர். கடை வாசலில் ஒரு கரும்பலகை. ‘இங்கிலீஷில் என்ன சந்தேகம் இருந்தாலும் தமிழில் எழுதிப் போடவும். பெயர் வேண்டாம். பதில் மறுநாள் பலகையில்.’

“எவன் போடுவான்?” என்றார் பாய்.

முதல் வாரத்தில் டின் நிறைந்தது. பஸ் டிக்கெட்டின் பின்புறம், சிகரெட் அட்டை, கல்யாணப் பத்திரிகையின் ஓரம் என்று எதிலெதிலோ எழுதிப் போட்டிருந்தார்கள். ‘பஸ்ஸில் காலை மிதித்தால் சாரியா, எக்ஸ்கியூஸ் மீயா?’ மிதிப்பதற்கு முன்னால் எக்ஸ்கியூஸ் மீ, மிதித்த பிறகு சாரி என்று எழுதினேன். தெருவே நின்று படித்துச் சிரித்தது.

லாட்ஜில் வேலை பார்க்கிற யாரோ கேட்டிருந்தார்: ‘சிகரெட் பிடித்தால் டூ யூ மைண்ட் என்று கேட்கிறார்கள். பெருந்தன்மையாக யெஸ் யெஸ் என்கிறேன். சிகரெட்டை உள்ளே வைத்துவிடுகிறார்கள். என்மேல் கோபமா?’ பாவம், எத்தனை பேரைப் புகைக்க விடாமல் பண்ணினாரோ! உனக்கு ஆட்சேபணை உண்டா என்று கேட்கிறார்கள், பிடிக்கலாம் என்றால் ‘நோ’ சொல்லுங்கள் என்று எழுதினேன். கல்பாக்கம் குவார்ட்டர்ஸ் அம்மா ஒருவர், கையெழுத்தே கோலம் மாதிரி, ‘மஸ்ட் நாட்டுக்கும் நீட் நாட்டுக்கும் என்ன வித்தியாசம்?’ என்று கேட்டிருந்தார். கூடாது, தேவையில்லை. இரண்டே வார்த்தையில் பதில் முடிந்தது.

சில நாள் தப்பாகவும் எழுதியிருக்கிறேன். மறுநாள் டின்னில் பதிலுக்குப் பதில் விழும். திருத்திவிட்டு ‘சாரி’ போடுவேன்.

ஊரில் எனக்குப் பெயரே மாறிவிட்டது. சுகந்தி போய் ‘டவுட்டு’ ஆனேன்.

தமிழின் ஆறு மறுப்பு

இந்த இடத்தில் கொஞ்சம் விலகிப்போக அனுமதி வேண்டும்.

வந்த கேள்விகளில் பாதிக்குமேல் ‘நோ’வைப் பற்றியவை. ஏன் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். திருக்கழுக்குன்றம் மலை தெரிகிற திருப்பத்தில் விடை கிடைத்தது. நம்மிடம் மறுப்பதற்கு இல்லை, அல்ல, வேண்டாம், கூடாது, முடியாது, மாட்டேன் என்று ஆறு சொல் இருக்கிறது. ஆறுக்கும் ஆறு குணம். ‘மாட்டேன்’ முறைக்கும். ‘முடியாது’ கையை விரிக்கும். ‘வேண்டாம்’ சிரித்துக்கொண்டேகூட வரும். ஆறு டப்பா இருக்கிற அஞ்சறைப்பெட்டிக்காரியிடம் ஒரே ஒரு டப்பாவைக் கொடுத்து, இதிலேயே சமை என்றால்?

அன்றைக்குக் கரும்பலகையை முழுசாகத் துடைத்துவிட்டு, நடுவில் பெரிதாக ‘NO’ என்று எழுதினேன். சுற்றிலும் நம்முடைய ஆறையும் போட்டு அம்புக்குறி இழுத்தேன். எழுத்துத் தெரியாதவர்களும் கேட்டார்கள். “மூணு கோடு, பக்கத்துல ஒரு முட்டை. அவ்வளவுதான். இல்லைன்னு அர்த்தம்” என்று சொல்லிக்கொடுத்தேன். மீன்கூடைக்கார அம்மாக்கள்கூட விரலால் காற்றில் எழுதிப் பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமைதான் பின்னால் என் காலை வாரியது.

கலைவாணியின் மூன்று ரூம்

கலைவாணி அக்கா மாரி அண்ணனின் அண்ணி. கணவர் காசிமேட்டில் விசைப்படகு வேலை. மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். கடலோரக் குப்பத்தில் அவர்கள் வீட்டு மாடியில் மூன்று ரூம். தோளில் மூட்டையோடு வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவார். அந்த வரிசையில் எட்டு வீட்டுக்கு அதுதான் சோறு.

ஒரு மத்தியானம் கடைக்கு வந்தார். முகம் சரியில்லை.

“டவுட்டு, எனக்கு ஒரு போர்டு எழுதிக் குடு. கடல்ல எறங்காதன்னு.”

விஷயம் இதுதான். போன சீசனில் அவர் ரூமில் தங்கியிருந்த ஒருவரை நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. அந்த இடம் அப்படி. பார்க்க அலை குறைவாக, சாதுவாக இருக்கும். கால் வைத்தால் அடியில் மணலை உருவும். மாரி அண்ணனும் இன்னும் இருவரும் கயிற்றோடு குதித்து அவரை உயிரோடு தூக்கிவந்தார்கள். ஊர்க் கூட்டம் கூடியது. இன்னொரு முறை இப்படி நடந்தால் அந்த வரிசையில் யாரும் ரூம் விடக்கூடாது என்று முடிவாகியிருந்தது.

“மார்கழிக் காத்து ஆரம்பிச்சிருச்சு. ரூமு மூணும் ஃபுல்லு. எல்லாம் துண்டைத் தோள்ல போட்டுகினு கெளம்புதுங்க. எனக்கு நாஸ்தா எறங்கல.”

நானே பெயிண்ட் வாங்கினேன். மஞ்சள் பலகை, சிவப்பு எழுத்து. ‘NO SWIMMING’. குப்பத்திலிருந்து மணலுக்கு இறங்குகிற பாதையில் நட்டோம். எனக்கு உள்ளுக்குள் கொடி ஏறியது.

சுவரைப் பார்த்த பலகை

மறுநாள் பலகை பாதையோரச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. காற்று என்று நினைத்தேன். திருப்பி வைத்தேன். அதற்கு மறுநாளும் சுவரைப் பார்த்தது. மூன்றாம் நாள் மணலில் குப்புறக் கிடந்தது. மேலே ஒரு வலையை வேறு காயப்போட்டிருந்தார்கள்.

கோபமாகத்தான் போனேன். மாரி அண்ணன் படகு நிழலில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார்.

“யாருண்ணா இத இப்படிப் பண்றது?”

“நான்தான்.”

“நீங்களா? உங்க அண்ணி ரூமுக்காகத்தானே எழுதினேன்?”

ஊசியைக் கீழே வைத்தார். “விடிகாலைல துடுப்பைத் தூக்கிகினு இந்த வழியாத்தான் எறங்கறோம். கடலுக்குப் போற ஆளப் பாத்து எங்க போறன்னுகூட எங்க வூட்டுப் பொம்பளைங்க கேக்க மாட்டாங்க. வேணாம், இல்ல, போவாத, இதெல்லாம் வாயிலயே வரக்கூடாது. நீ இன்னா பண்ணிகீற? மொகத்துக்கு நேரா ‘இல்ல’ன்னு செவப்புல எழுதி வெச்சிகீற.”

“அது இங்கிலீஷ்ண்ணா! உங்களுக்கு எதுக்கு?”

“முன்னல்லாம் அது சும்மா கோடு. இப்போ ‘இல்ல’. யாரு சொல்லிக் குடுத்தது? மூணு கோடு ஒரு முட்டைன்னு?”

நான் சொல்லிக்கொடுத்த எழுத்தே என் பலகையைக் கவிழ்த்துவிட்டது.

“அப்ப ஒருத்தன் முழுகப் போறான்னு தெரிஞ்சும் கூப்பிட மாட்டீங்களா?”

“காலெடுத்து வெச்சவனப் பின்னாலருந்து கூப்புட மாட்டோம்” என்றார். “குதிப்போம்.”

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பலகை வெளியே பார்த்து நின்ற ஒரு பகலில் வெள்ளைக்காரர் ஒருவர் அதன்மேல் தன் சட்டையை மாட்டிவிட்டுத்தான் தண்ணீரில் இறங்கினார். கலைவாணி அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். நல்லவேளை, அந்த ஆள் முழங்காலோடு திரும்பிவிட்டார். ஊர் முழுக்க நோ பார்க்கிங், நோ போட்டோ, நோ ஸ்பிட்டிங். ‘நோ’வைப் பார்த்துப் பார்த்து யாருக்கும் உறைப்பதே இல்லை.

அரிசி நிறைஞ்சிருக்கு

அன்று சாயங்காலம் வீட்டில் அம்மா அரிசி டின்னைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “அரிசி நெறைஞ்சிருக்கு. அப்பாவை வாங்கிட்டு வரச் சொல்லு.”

எத்தனையோ வருஷமாகக் கேட்கிற வாக்கியம்தான். எங்கள் வீட்டில் விளக்கு வைத்த நேரத்தில் அரிசி இல்லை, உப்பு இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நிறைந்திருக்கிறது என்றால் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்பாவும் ஒருநாளும் குழம்பியதில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ‘போகிறேன்’ என்று சொல்லாமல் ‘போயிட்டு வரேன்’ என்பார்.

‘இல்லை’ சொல்லாமல் இல்லையைச் சொல்கிற ஜனம் நாம்! கூடத்திலேயே துள்ளிக் குதித்தேன். “பேங்க் பரீட்சை ரிசல்ட்டா?” என்றார் அப்பா. இல்லை என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் கரும்பலகையில் முதல் தடவையாக என் கேள்வியை எழுதினேன். ‘நோ, நாட், டோன்ட் எதுவும் போடாமல், கடலில் இறங்குகிறவரை எப்படி நிறுத்துவது? பதிலை டின்னில் போடவும்.’

டின் பேசியது

விழுந்தது பாருங்கள்!

‘சுறா படம் போடு.’ இதைப் படித்துக் காட்டியதும் கலைவாணி அக்கா அலறினார். “சொறாவைப் பாத்தா எவன் ரூமுக்கு வருவான்? எங்கதையே முடிஞ்சிரும்!”

‘குளித்தால் பாஸ்போர்ட் பறிமுதல் என்று எழுது.’ இது நசீர் பாயின் கையெழுத்து. கேட்டால் மறுத்தார்.

‘கடலுக்கு இன்று லீவு.’ இது எனக்கு ரொம்பப் பிடித்தது. ‘சீ ஈஸ் ஆன் லீவ் டுடே’ என்று சாக்பீஸில் எழுதி இரண்டு நாள் மாட்டிப் பார்த்தோம். வந்தவர்கள் எல்லோரும் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எடுத்துவிட்டு நேராகத் தண்ணீருக்குப் போனார்கள். கலைவாணி அக்காதான் ஓடி ஓடி ஒவ்வொருவர் கையாகப் பிடித்து இழுத்துவந்தார்.

மூன்றாம் நாள் டின்னின் அடியில் ஒரு தாள் கிடந்தது. நான்காக மடித்த தாள். பென்சிலில் கோணல் எழுத்து: ‘நாங்களே எறங்கல. நீ ஏன்?’

அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதிலேயே எல்லாம் இருந்தது. ‘எறங்கல’வை மட்டும் மறுப்பில்லாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். இறங்காதவர்கள் எங்கே இருக்கிறார்கள்? மணலில் இருக்கிறார்கள்!

இங்கிலீஷ் வார்த்தைக்குத்தான் சண்டை. ‘வெயிட்’ போட்டால் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி இருக்கிறது. ‘ஸ்டாண்ட்’ போட்டால் வகுப்பில் வாத்தியார் எழுப்பி நிறுத்துகிற மாதிரி. ‘கைண்ட்லி’யைச் சேர்க்கச் சொன்னார் பாய். சேர்த்தால் தாலுகா ஆபீஸ் நோட்டீஸ் ஆகிவிடுகிறது. எடுத்துவிட்டேன். கடைசியில் நின்றது இரண்டு வரி:

‘அவர் ஃபிஷர்மென் ஆர் ஆன் த சாண்ட் டுடே. ஸ்டே வித் தெம்.’

எங்கள் மீனவர்கள் இன்று மணலில் இருக்கிறார்கள். அவர்களோடு இருங்கள். அவ்வளவுதான்.

அதைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். மாரி அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். கெட்ட வார்த்தை எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேடுகிறார் என்று புரிந்தது.

“மூணு கோடு ஒரு முட்டை எங்கனா கீதா?”

“எங்கயும் கெடையாதுண்ணா.”

“எங்கள நம்பி எழுதிகீற.” “என் படகுலயே மாட்டு. கடல் சரியில்லாத நாள்ல நானே வெளிய தொங்க விடறேன். நல்ல நாள்ல உள்ள வெச்சிடறேன்.”

மணலில்

சோதனை இரண்டாவது நாளே வந்தது. காற்று மணலை வாரிக் கணுக்காலில் அடித்துக்கொண்டிருந்தது. படகு எதுவும் இறங்கவில்லை. மாரி அண்ணனும் ஏழெட்டுப் பேரும் படகோரம் உட்கார்ந்திருந்தார்கள். பலகை வெளியே தொங்கியது. நான் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஓடிவந்திருந்தேன்.

கலைவாணி அக்காவின் நடு ரூமிலிருந்து ஒரு ஆணும் பெண்ணும் வந்தார்கள். ஆள் நல்ல உயரம். தோளில் பச்சைத் துண்டு. பலகையைத் தாண்டி நேராகத் தண்ணீரைப் பார்த்துப் போனான்.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். வளையல் அழுந்தியது. “போறாண்டி. போறான். மூணு ரூமும் போச்சு.”

கணுக்கால். முழங்கால். மாரி அண்ணன் கூப்பிடவில்லை. எழுந்து கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டார்.

அந்தப் பெண் நின்றாள். பலகையைப் படித்தாள். திரும்பி, படகோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தாள். அந்தக் கைகளையும் தோள்களையும் பார்த்தாள். மறுபடி பலகையைப் படித்தாள். பிறகு அவன் பெயரைச் சொல்லி ஒரு கத்து கத்தினாள் பாருங்கள், காற்றையும் கிழித்துக்கொண்டு போனது. அவர்கள் ஊரில் பின்னாலிருந்து கூப்பிடலாம்போல.

அவன் திரும்பினான். அவள் கையை நீட்டி இவர்களைக் காட்டினாள். அவனும் பார்த்தான். தண்ணீரைப் பார்த்தான். இவர்களைப் பார்த்தான். மெதுவாக மணலுக்கு ஏறிவந்தான். வந்து, நேராக மாரி அண்ணன் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்!

மாரி அண்ணன் ஒரு தேங்காய் மட்டையை எடுத்தார். அவன் நின்றிருந்த இடத்தைப் பார்த்து வீசினார். மட்டை ஒரு நொடி ஆடியது. பிறகு யாரோ கயிறு கட்டி இழுத்ததுபோல நேராக உள்ளே போனது. பத்து எண்ணுவதற்குள் புள்ளியாகிவிட்டது. உயரக்காரன் முகம் வெளுத்தது. ஏற்கனவே வெள்ளை, இன்னும் வெளுத்தது.

“டுமாரோ” என்றார் மாரி அண்ணன். “சீ குட். யூ, மீ, போட்.”

“யெஸ்” என்றான் அவன். “தேங்க் யூ.”

மாரி அண்ணன் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். “இந்த தேங்க்ஸு எனக்குத்தானே?”

கலைவாணி அக்கா அந்த மணலிலேயே உட்கார்ந்து அழுதார், சிரித்தார், என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். இரண்டு நாளைக்கு வலித்தது. நான் கடைக்குத் திரும்பும்போது நடக்கவில்லை, பறந்தேன். நசீர் பாய் லேட்டுக்குத் திட்ட வாயெடுத்தவர், கதையைக் கேட்டுவிட்டு, கடையில் இருந்த எல்லோருக்கும் டீ சொன்னார்.

முப்பது பேர்

அந்த சீசன் முழுக்க அந்த இடத்தில் ஒருவரையும் கயிறு போட்டு இழுக்க வேண்டி வரவில்லை. பொங்கல் கழிந்து ஊர்க் கூட்டம் கூடியது. ரூம்கள் இருக்கட்டும் என்று முடிவானது. அதோடு நிற்கவில்லை. மணலில் நிற்கிற படகுக்கெல்லாம் அதே பலகை வேண்டும் என்று கேட்டார்கள். அப்பாவின் பேங்க் கைடின்மேல் மஞ்சள் பெயிண்ட் டப்பாவை வைத்து வைத்து அட்டை வட்ட வட்டமாக ஆனது. பலகைகளை பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு வந்த அன்று கண்டக்டர், “எலெக்‌ஷனாம்மா?” என்றார்.

எல்லாவற்றையும் மாட்டி முடித்த மாலை, கலைவாணி அக்கா என்னை நிறுத்தினார். பின்னால் அந்த எட்டு வீட்டுப் பெண்களும், மாரி அண்ணனும், அவர் கூட்டாளிகளும். எண்ணிப் பார்த்தால் முப்பது பேர் தேறும்.

“பலகை மழைல அழிஞ்சிரும், டவுட்டு” என்றார் அக்கா. “இத்தினி நாளா ஓடி ஓடிக் கையப் புடிச்சு இழுத்தேன். வாயால ஒண்ணு சொல்லத் தெரியல. எங்க வாய்க்குச் சொல்லிக் குடு.”

“நோ இல்லாம” என்றார் மாரி அண்ணன்.

வெள்ளிக்கிழமை அவர்கள் கடலுக்குப் போகாத நாள். சாயங்காலம் நாலு மணி, படகு நிழல், கரும்பலகை கிடையாது, நோட்டு கிடையாது. நான் அதுவரை ஒருவருக்கும் பாடம் எடுத்தது கிடையாது. சரி என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். திருக்கழுக்குன்றம் வருவதற்குள் டிக்கெட்டின் பின்புறம் முதல் பாடத்தை எழுதி முடித்திருந்தேன். முப்பது வாயும் சேர்ந்து சொல்ல வேண்டிய ஒரே ஒரு வரி:

‘கம், சிட் ஹியர்.’ வாங்க, இப்படி வந்து உக்காருங்க.